வாசல்: சொல் வந்த வழியும் நிலை வைக்கும் முறையும்

கேட்கப்பட்டவை நான்கு. "வா, செல் என்ற இரண்டும் சேர்ந்துதான் வாசல் ஆயிற்று" என்பது சரியா? வாயில், வாசல் இரண்டும் ஒன்றா? வாசக்கால், நிலை, கதவு, படி இவற்றுக்குள் என்ன வேறுபாடு? ஆசாரி "மூன்றரை அடி வாசல்" என்றால் எதை அளந்து சொல்கிறார்? முதல் மூன்றுக்கும் விடை தெரிந்தால்தான் நான்காவது விளங்கும் என்பதால் வரிசையாகவே போகலாம்.

வா + செல் என்பது தவறு. கேட்க இனிமையாக இருக்கிறது, மேடையில் சொன்னால் கைதட்டும் கிடைக்கும். ஆனால் சொல்லின் வரலாறு அப்படி இல்லை. வாசல் என்பது வாயில் என்ற பழஞ்சொல் பேச்சில் திரிந்த வடிவம். வாயில் என்பது வாய் + இல். இல் என்றால் வீடு. 'இல்லின் வாய்' என்பதை 'இல்வாய்' என்று சொல்ல வேண்டியது முன்பின்னாக மாறி 'வாயில்' என நின்றது. இலக்கணத்தில் இதற்கு இலக்கணப்போலி என்று பெயர். இல்முன் என்பது முன்றில் ஆனதும், கண்கடை என்பது கடைக்கண் ஆனதும் இதே வகை. பள்ளிப் பாடநூலில் இந்த எடுத்துக்காட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

வாயில் எப்படி வாசல் ஆகும் என்பவர்கள் தங்கள் வாயாலேயே சோதித்துப் பார்க்கலாம். உயிர் உசிரு ஆகிறது, உயரம் ஒசரம் ஆகிறது, முயல் மொசல் ஆகிறது. மழைக்குப் பின் விளக்கைச் சுற்றும் பூச்சிக்குப் பழைய பெயர் ஈயல். இன்று எழுத்திலேயே ஈசல். நெய்தல் தொழிலுக்கு நெசவு என்கிறோம். இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவே வரும் ய, பேச்சில் ச ஆவது தமிழில் ஆழமாக ஊறிய பழக்கம். கடைசி 'இல்' 'அல்' ஆனது அதைவிடச் சிறிய மாற்றம்.

இதற்கு ஊர்ப்பெயரிலேயே சான்று இருக்கிறது. திருவாரூர் மாவட்டத்தில் உள்ள குடவாசலைச் சங்க இலக்கியம் குடவாயில் என்கிறது. புறநானூற்றில் பாடியுள்ள குடவாயிற் கீரத்தனார் அந்த ஊர்க்காரர். தேவாரத்திலும் அது குடவாயில்தான். குட என்றால் மேற்கு. ஒரே ஊர், ஒரே சொல், நடுவில் ய ச ஆகியிருக்கிறது. 'வா, செல்' என்று பிரிப்பவர்கள் குடவாயிலுக்கு என்ன சொல்வார்கள்?

அக்கம்பக்கத்து மொழிகளும் இதையே சொல்கின்றன. மலையாளத்தில் வாதில், தெலுங்கில் வாகிலி, கன்னடத்தில் பாகிலு. தமிழில் வ-வில் தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் ப-வில் தொடங்கும்: வேர் அங்கே பேரு, வில் அங்கே பில்லு, வாழை அங்கே பாளெ. ஆக நான்கு மொழிகளிலும் முதலில் நிற்பது 'வாய்' என்ற உறுப்பின் பெயர்தான். 'செல்' என்ற வினை அந்த மொழிச் சொற்களில் எங்குமே தென்படவில்லை. வாசம் செய்யும் இடம் ஆதலால் வாசல் என்று வடமொழி வழியாக விளக்குவதும் இதனாலேயே நிற்காது.

அதற்காக வாசல் என்பதைக் கொச்சை என்று ஒதுக்கிவிட வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயிலின் இரு கோபுர வாயில்களுக்குக் கேரளாந்தகன் திருவாசல், இராசராசன் திருவாசல் என்றே பெயர். ஆயிரம் ஆண்டுகளாகக் கல்லிலும் ஏறி நிற்கும் வடிவம் அது. எழுத்து வழக்குக்கு வாயில், பேச்சுக்கு வாசல் என்ற பங்கீடு பிற்பாடு நாமே செய்துகொண்டது. புணர்ச்சியில் இரண்டும் ஒரே மாதிரி நடக்கும்: வாயிற்படி, வாசற்படி, வாயிற்காவலர், வாசற்கதவு. பேச்சில் வாசப்படி, வாசக்கால். இதை 'வாசகால்' என்று ஒற்று இல்லாமல் எழுதுவது மரக்கடை விலைப்பட்டியல்களில் பரவலாகிவிட்டது. வாசற்கால் அல்லது வாசக்கால் என்பதே சரி.

இனி, 'வாய்' என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கட்டடக் கணக்கு அதில்தான் இருக்கிறது. தமிழில் வாய் என்பது முகத்தில் உள்ளது மட்டுமில்லை. பானைக்கு வாய் உண்டு, சாக்குக்கு வாய் உண்டு, புண்ணுக்கும் வாய் உண்டு. பொருள் உள்ளே போகவும் வெளியே வரவும் விட்ட திறப்பு எதுவும் வாய். வீட்டையே ஓர் உடலாகப் பார்த்த மொழி இது. திறப்பு வாய், காற்றுக்கு விட்ட பல துளைகள் பலகணி, அதாவது பல கண், நிமிர்ந்து நிற்கும் மரம் கால், முன்பக்கம் முகப்பு, கதவு சுழலும் முளை குடுமி. போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த ஜன்னல், பலகணியையும் சாளரத்தையும் காலதரையும் ஓரம் கட்டிவிட்டது. வாசலை அப்படி எந்த வந்தேறிச் சொல்லும் அசைக்க முடியவில்லை. கேட் வந்தது, ஆனால் அது மதில் கதவின் பெயராக மட்டுமே நின்றுவிட்டது.

திறப்பு என்ற இந்த அடிப்படைப் பொருளிலிருந்துதான் மற்றப் பொருள்கள் கிளைத்தன. திருக்குறள் 'பொறிவாயில் ஐந்து' என்று ஐம்புலன்களைச் சொல்கிறது: உலகம் நமக்குள் நுழையும் ஐந்து திறப்புகள். சிவபுராணம் உடம்பை 'ஒன்பது வாயிற் குடில்' என்கிறது. தொல்காப்பியத்தின் கற்பியல், ஊடலில் இருக்கும் தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே போய்வரும் பன்னிருவரை, தோழி, பாணன், விறலி, விருந்தினர் முதலானோரை, 'வாயில்கள்' என்றே பெயரிட்டு அழைக்கிறது. 'வாயில் மறுத்தல்' என்றால் தூது வந்தவரை ஏற்க மறுப்பது. கதவை மூடுவதற்கும் ஆளைத் திருப்பி அனுப்புவதற்கும் ஒரே சொல். இன்று இணையத்தில் வலைவாசல் என்று நாம் ஆக்கிக்கொண்டது இந்தப் பழைய ஓட்டத்தில் இயல்பாகச் சேர்ந்துகொள்கிறது.

இடப்பொருளுக்கு வந்தால், வீட்டுக்கு வெளியே திறப்பை ஒட்டிய தரையும் வாசல்தான். வாசல் தெளித்துக் கோலம் போடுகிறோமே, அங்கே தண்ணீர் தெளிப்பது நிலையிலோ கதவிலோ இல்லை, முன்னால் உள்ள மண்ணில். "வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்தார்" என்றால் அவர் வழியை அடைத்துக்கொண்டு படுத்தார் என்று எவரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தெலுங்கிலும் இப்படியே, வாகிலியைப் பெருக்கிக் கோலமிடுவார்கள். மலையாளத்தில் மாறிப்போயிற்று: அங்கே வாதிலை அடைப்பார்கள், திறப்பார்கள், சொல் கதவுப் பலகையின் மேல் ஏறிவிட்டது. தமிழில் வாசலைச் சாத்துவதில்லை, வாசற்கதவைத்தான் சாத்துகிறோம். திறப்பு வேறு, அதை மூடும் பலகை வேறு என்ற பழைய பிரிவினை தமிழ்ப் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைக் காப்பாற்றிக்கொள்வது நல்லது. மூன்றாவது கேள்விக்கு விடையும் இதிலேயே இருக்கிறது: திறப்பைச் சுற்றிச் சுவரில் நிறுத்தும் மரச்சட்டம் நிலை, அதில் நிமிர்ந்து நிற்கும் மரம் வாசக்கால் அல்லது நிலைக்கால், கீழே கிடக்கும் சட்டம் படி, திறப்பை மூடும் பலகை கதவு.

கோட்டைக்கும் கோயிலுக்கும் வாசல் என்பது திசையின் பெயராகிவிடும். மதுரைக் கோட்டைச் சுவர் 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில், பிளாக்பர்ன் ஆட்சியராக இருந்த காலத்தில் இடிக்கப்பட்டது. ஆனால் தெற்குவாசல், கீழவாசல் என்ற பெயர்கள் போகவில்லை. சுவர் இல்லாமல் வாசல் மட்டும் பெயராய் நிற்கிறது. தஞ்சையிலும் கீழவாசல் உண்டு. சேலம் மாவட்டத்தில் தலைவாசல், புதுக்கோட்டை மாவட்டத்தில் அன்னவாசல், நெடுவாசல் என்று பட்டியல் நீளும். வைகுண்ட ஏகாதசியில் திறக்கும் சொர்க்கவாசலைத் திருவரங்கத்தார் பரமபத வாசல் என்பார்கள்.

வாசலுக்கு உறவான சொற்கள் சில மெல்ல மறைந்துவருகின்றன. 'கடை' என்பதற்கும் வாயில் என்ற பொருள் உண்டு. தலைக்கடை, புறக்கடை என்பவை அதிலிருந்து வந்தவை. வீட்டின் பின்பக்கத்தைப் புழக்கடை என்கிறோமே, அது புழைக்கடை: புழை என்றால் சிறு நுழைவழி. பெருங்கதவு பூட்டியிருக்கும்போது ஆள் மட்டும் குனிந்து போக விட்ட சிறு வழி திட்டிவாசல். கோட்டைக் கதவுகளிலும் பெரிய கோயில் கதவுகளிலும் பார்க்கலாம். வாசலைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் வரும் நடை இடைகழி. அதுவே ரேழி என்று தேய்ந்தது. யாழ்ப்பாணத்தில் வளவின் வேலியில் உள்ள கதவு படலை. அதற்குக் கூரை போட்டு, வழிப்போக்கர் உட்காரத் திண்ணையும் வைத்தால் சங்கடப்படலை.

இந்தச் சொற்கள் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்று பார்க்கத் திருப்பாவையின் 16ஆம் பாசுரம் போதும். கோயில் காப்பானையும் தோரண வாயில் காப்பானையும் அழைத்து, மணிக்கதவம் தாள் திறக்கச் சொல்லி, கடைசியில் நிலைக்கதவம் நீக்கு என்று முடிகிறது. கோயில், வாயில், கதவம், தாள், நிலை என்று ஐந்து கட்டடச் சொற்கள், ஒவ்வொன்றும் தன் இடத்தில். நடுவில் 'வாயால் மாற்றாதே' என்று வாயில் காப்பவனிடமே ஆண்டாள் சொல்வதைக் கவனியுங்கள். வாயிலுக்குள் வாய் இருப்பதை அந்தக் காது கேட்டிருக்கிறது.

தச்சு வேலையை அறிந்தவர்கள் படிக்க வேண்டியது சங்கப் பாட்டான நெடுநல்வாடை. பாண்டியன் அரண்மனை வாயிலைப் பற்றிய சில அடிகளில் ஒரு முழு வேலைக்குறிப்பே இருக்கிறது. பருத்த இரும்பால் பிணித்து, செவ்வரக்கு பூசி, இரட்டைக் கதவு பொருத்துகிறார்கள். மேலே கிடக்கும் மரத்தை 'நாளொடு பெயரிய விழுமரம்' என்கிறார் நக்கீரர்: நாள்மீன் ஒன்றின் பெயரைக் கொண்ட மரம், அதாவது உத்தரம். மேலது என்று பொருள்படும் அந்த வடசொல் விண்மீனுக்கும் பெயர், விட்டத்துக்கும் பெயர். அதில் குவளைப் பூவும் பெண் யானையும் செதுக்கியிருக்கிறது. இன்றும் செட்டிநாட்டு நிலைகளின் நெற்றியில் தாமரையும் யானையுமாகக் கஜலட்சுமி இருப்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். பிறகு வருவதுதான் முக்கியம்: கைவல் கம்மியன், அதாவது கைதேர்ந்த தச்சன், முடுக்கியதால் 'புரை தீர்ந்து' நிற்கிறது நிலை. புரை என்றால் இடைவெளி, பொருத்தக் குறை. கடைசியில் வெண்கடுகு அப்பி நெய் பூசுகிறார்கள். மஞ்சளும் குங்குமமும் தடவி மாவிலை கட்டி நிலை வைக்கும் இன்றைய சடங்குக்கு அது மூத்தது. அந்தக் கம்மியன் செய்த வேலைக்கும் இன்று ஒரு வீட்டில் நடக்க வேண்டிய வேலைக்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை.

இப்போது நான்காவது கேள்வி. "மூன்றரை அடி வாசல்" என்று ஆசாரி சொன்னால், தமிழ்நாட்டில் பெரும்பாலும் அது நிலையின் வெளி அளவு. தலைவாசலுக்கு 7 அடி உயரம், 3½ அடி அகலம். அறைகளுக்கு 7-க்கு 3. குளியலறைக்கு 7-க்கு 2½ என்று சொல்வது அந்த வெளி அளவைத்தான். ஆனால் வாசல் என்ற சொல்லின் பொருள் திறப்பு. ஆள் போவதும் கட்டில் போவதும் திறப்பு வழியாக. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வெளி அகலம் 3½ அடி, அதாவது 42 இஞ்ச். நிலைக்கால் மரம் 5-க்கு 3 இஞ்ச் என்றும், 3 இஞ்ச் முகம் வாசலைப் பார்க்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் 3 போனால் திறப்பு 36 இஞ்ச். மரத்தை 5-க்கு 4 ஆக்கி, 4 இஞ்ச் முகத்தைக் காட்டினால் திறப்பு 34 இஞ்ச்தான். கதவுப் பலகை உட்கார நிலையில் அரை இஞ்ச் ஆழத்துக்குக் காடி, அதாவது விளிம்புப் பள்ளம், எடுப்பார்கள். ஆகவே 36 இஞ்ச் திறப்புக்குக் காடியிலிருந்து காடி வரை 37 இஞ்ச். பக்கத்துக்கு ⅛ இஞ்ச் இடம் விட்டால் கதவு 36¾ இஞ்ச். 1½ இஞ்ச் கனமுள்ள கதவு நேர்கோணத்தில் திறந்து நின்றால், காடியில் மறையும் அரை இஞ்ச் போக, மீதி 1 இஞ்ச் திறப்புக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். கடைசியில் கிடைப்பது 35 இஞ்ச், 889 மி.மீ. சக்கர நாற்காலி தடையில்லாமல் போக 900 மி.மீ. திறப்பு வேண்டும். மூன்றரை அடி வாசல் என்று நம்பியிருந்த வீட்டில் இப்படி ஒரு விரல் அளவு குறைந்துபோகும். கதவு முழுக்கச் சுவரோடு சாயும்படி அமைத்தாலோ, வெளி அகலத்தை 3 அடி 9 இஞ்ச் ஆக்கினாலோ அந்தக் குறை தீரும். இதை மரம் வாங்குவதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டும்.

மரக் கணக்கும் இங்கேயே வருகிறது. நான்கு சட்ட நிலைக்கு நிலைக்கால் இரண்டு 7 அடி, மேல்சட்டமும் கீழ்ப்படியும் 3½ அடி. மொத்தம் 21 அடி. 5-க்கு 3 என்றால் 21 × 15 ÷ 144 = 2.19 கன அடி. மேல்சட்டமும் படியும் சுவருக்குள் பக்கத்துக்கு 6 இஞ்ச் நீள வேண்டும் என்றால் இன்னும் 2 அடி சேர்ந்து 2.4 கன அடி. அதே 23 அடியை 5-க்கு 4 ஆக்கினால் 3.19 கன அடி. மூன்றில் ஒரு பங்கு மரம் கூடுகிறது, திறப்போ குறைகிறது. கனமான நிலைதான் கௌரவம் என்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். இழைப்பதற்கு முந்தைய அளவா, இழைத்த பின் அளவா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 3 இஞ்ச் மரம் இழைத்தபின் 2¾ ஆகிவிடும்.

மரம் தேக்கோ வேங்கையோ கோங்கோ வேம்போ, இரண்டு விஷயங்களே பெரிது: வைரம், ஈரம். நடுவில் உள்ள கறுத்த வைரப்பகுதி கறையானுக்கு எளிதில் இணங்காது. ஓரத்தில் உள்ள வெளுத்த பகுதியைத்தான் கறையான் முதலில் தேடும். நிலைக்காலில் வெளுப்பு இருந்தே ஆகவேண்டும் என்றால் அது சுவர்ப்பக்கமும் படியோடு சேரும் அடிமுனையும் ஆகிவிடக் கூடாது. ஈரப்பதம் 12 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். அறுத்த கையோடு கொண்டுவந்த மரத்தில் நிலை செய்தால், முதல் கோடையிலேயே கழுந்து (சட்டங்களை மூலையில் இணைக்கும் முளை) சுருங்கி மூலை வாய் பிளக்கும், கால் முறுக்கும். கம்மியன் முடுக்கித் தீர்த்த புரை மறுபடி வந்துவிடும். காய்ந்த மரத்துக்குக் காத்திருப்பதற்கு மாற்று கிடையாது.

சுவரைத் தொடும் பக்கங்களுக்கு, நிலையை நிறுத்துவதற்கு முன்பே, தாரோ மரப் பூச்சோ அடிக்க வேண்டும். தாருக்குக் கீல் என்றும் பெயர், கதவு தொங்கும் இரும்புக்கும் கீல் என்றே பெயர். ஆசாரி "கீல் வாங்குங்கள்" என்றால் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கீல் வருவதற்கு முன் கதவுகள் குடுமியில் சுழன்றன: பலகையின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் நீட்டிய முளை, மேல்சட்டத்திலும் படியிலும் உள்ள குழியில் உட்கார்ந்திருக்கும். பழைய வீட்டுப் படியின் மூலையில் தேய்ந்த வட்டக் குழி தெரிந்தால் அது அதன் தடம்.

நிறுத்தும்போது நடக்கும் தவறுகளில் முதலாவது தரைமட்டம். நிலை வைக்கும் நாளில் தரை இன்னும் கரடாக இருக்கும். அதன்மேல் கலவையும் தரை ஓடுமாக 2 முதல் 3 இஞ்ச் ஏறும். முடிந்த தரையின் மட்டத்தைச் சுவரில் கோடு போட்டு வைத்துக்கொண்டு அதிலிருந்து படியை நிறுத்தாவிட்டால், பிறகு படி தரைக்குள் புதையும் அல்லது கதவின் அடியைச் சீவ வேண்டிவரும். படி இல்லாத மூன்று சட்ட நிலையில் இன்னொரு ஆபத்து: நிலைக்காலின் அடிமுனையைத் தரைக்குள் இறக்கிவிட்டால் கழுவும் தண்ணீரை மரத்தின் வெட்டுமுனை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த முனைகளைப் பூச்சால் மூடி, ஒரு கருங்கல் துண்டின் மேல் நிறுத்துவது மேல்.

இரண்டாவது நேர். தூக்குக்குண்டை நிலைக்காலின் இரண்டு முகங்களிலும் விட்டுப் பார்க்க வேண்டும்; ஒரு முகத்தில் மட்டும் பார்த்தால் போதாது. படியிலும் மேல்சட்டத்திலும் ரசமட்டம். பிறகு மூலைக்கு மூலை நாடா: 7-க்கு 3½ அடி நிலைக்கு வெளிமூலை அளவு இரண்டும் 93.9 இஞ்ச், அதாவது 7 அடி 10 இஞ்சுக்குச் சற்றே குறைவு. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் மூலைகள் நேர்கோணம். கீல் பூட்டும் கால் தூக்குக்குண்டுக்கு விலகியிருந்தால், கதவு நம்மைக் கேட்காமல் தானே திறக்கும் அல்லது தானே சாத்தும். அதைக் கீலை நெம்பிச் சரிசெய்ய முடியாது.

மூன்றாவதுதான் அதிகம் நடப்பது. நிலையை நிறுத்திவிட்டுச் செங்கல் கட்டிக்கொண்டு போகும்போது கலவை தள்ளும் தள்ளில் நிலைக்கால்கள் நடுவில் உள்பக்கம் வளையும். மேலேயும் கீழேயும் 36 இஞ்ச், இடுப்பு உயரத்தில் 35½ என்றால் கதவு அங்கே பிடிக்கும். சுவர் முடியும்வரை நடு உயரத்தில் சரியாக 36 இஞ்ச் கட்டை ஒன்றைக் குறுக்கே செருகி வைத்தால் இது வராது. நிலையைச் சுவரோடு பிணைக்கும் இரும்புக் கிளாம்பு ஒரு காலுக்கு மூன்று வீதம், கான்கிரீட்டில் பதிக்க வேண்டும். வெறும் கலவையில் செருகினால் கதவு அடிக்க அடிக்கத் தளரும்.

நான்காவது, நிலையைத் தூண் என்று நினைப்பது. கருங்கல் வாசலில் நிலைக்கால் சுமை தாங்கலாம். இன்றைய மர நிலை தாங்கக் கூடாது. திறப்புக்கு மேலே சுவரைத் தாங்க வார்க்கும் விட்டமான லிண்டல் இரு பக்கமும் குறைந்தது 6 இஞ்ச் சுவரில் உட்கார்ந்து தன் சுமையைத் தானே கொண்டுபோக வேண்டும். அதற்கும் நிலையின் மேல்சட்டத்துக்கும் நடுவே சிறிது இடம் இருக்க வேண்டும். லிண்டல் வார்க்கும் பலகையை நிலைமேல் முட்டுக்கொடுத்து நிறுத்துவது பல இடங்களில் நடக்கிறது. மேல்சட்டம் அன்றே தொய்ந்துவிடும், கதவு மாட்டும் நாளில்தான் தெரியவரும்.

கதவுக்கு மூன்று கீல் போதும்: மேலிருந்து 8 இஞ்சில் ஒன்று, கீழிருந்து 10 இஞ்சில் ஒன்று, நடுவில் ஒன்று. மழைக்காலத்தில் கதவு இறுகுகிறது என்று வருபவர்கள் பெரும்பாலும் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் பூச்சு அடிக்காதவர்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த இரண்டு விளிம்புகளில்தான் ஈரம் ஏறுகிறது. இறுகியதும் சீவி எடுத்தால் தை மாதத்தில் இடைவெளி விழும். கழற்றி, காயவிட்டு, ஆறு பக்கமும் பூசி மாட்டுங்கள். நிலைக்கும் சுவர்ப்பூச்சுக்கும் நடுவே வரும் மயிரிழை விரிசலுக்குச் சிமெண்டு தடவிப் பயனில்லை, மரம் அசையும் வரை அது வரும். சேருமிடத்தை மரப் பட்டியால் மூடிவிடுவதே வழி.

ஆகையால் ஆசாரியிடம் வேலை கொடுக்கும்போது "மூன்றரை அடி வாசல்" என்று ஒரே எண்ணைச் சொல்லி விட்டுவிட வேண்டாம். தாளில் மூன்று வரி எழுதுங்கள்: நிலை வெளி அளவு இவ்வளவு, இழைத்த மரம் இவ்வளவு, வாசல் திறப்பு இவ்வளவு. திறப்பை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து மற்ற இரண்டையும் கணக்கிடுங்கள்.